இரண்டு உள்ளங்கை ரப்பர்

புவாபனின் உடம்பில் இரண்டு இடங்கள் பேசும். ஒன்று அவள் உள்ளங்கை. சியாங் மாய் நகரத்தின் பழைய மதிலை ஒட்டிய சந்தில் இருபது வருஷத்துக்கு மேலாக மசாஜ் செய்து பிழைக்கிறாள். படுத்திருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே எந்த இடுப்பு எதற்காக அழுகிறது என்று அந்தக் கை கண்டுபிடித்துவிடும். இன்னொன்று இடது காறை எலும்பு. அது பேசுவது அவள் புருஷனோடு மட்டும்.

புருஷன் ப்ரொம்மா ஐஸ் ஆலையில் வேலை பார்க்கிறான். நல்லவன், உழைப்பாளி. மோட்டார் சைக்கிள் என்ற பேச்சு வந்தால் மட்டும் அவனுக்குத் தலையில் கொம்பு முளைத்துவிடும். நூடுல்ஸ் கடையில் நாலு பேர் சேர்ந்துவிட்டால் போதும், "அன்னிக்கு மலையில ஒரு வளைவு, நான் எப்படிச் சாய்ச்சேன் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவான். பக்கத்தில் இருக்கும் புவாபன் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். ஒரு விரலால் தன் இடது காறை எலும்பை டொக் டொக் என்று தட்டுவாள், அவ்வளவுதான். ப்ரொம்மா கதையைப் பாதியில் விட்டுவிட்டு நூடுல்ஸில் எலுமிச்சம்பழம் பிழிய ஆரம்பிப்பான். நாலு பேரும் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

அந்த எலும்பு உடைந்து ஐந்து வருஷம் ஆகிறது. மழைக்காலம் முடியும் திருவிழாவுக்காக இருவரும் மே ஹோங் சோனுக்குக் கிளம்பியிருந்தார்கள். அது அவள் பிறந்த ஊர். வழியில் மே மாலை என்று ஒரு சந்தை ஊர். அதுவரைக்கும் சாலை கோடு போட்டது மாதிரி நேராக இருக்கும். அதற்கப்புறம்தான் மலை தொடங்கும், மலையோடு வளைவுகளும் தொடங்கும். மூன்றாவது வளைவில், தூறலில், வண்டி சாய்ந்தது சாய்ந்தபடி காலுக்கடியிலிருந்து வழுக்கிக்கொண்டு போய்விட்டது. அவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு எலும்பு. நாலு மாசம் கையைத் தூக்க முடியாமல், தொழிலும் இல்லாமல் வீட்டில் கிடந்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ப்ரொம்மா அன்று சொன்னது அவளுக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ரேஸுக்குப் போடுற டயரை வாங்கிப் போட்டுட்டேம்மா. ஈரத்துல பிடிக்கல. தப்பு என்னுதுதான்." மகள் பிறந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் அப்பா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். மகள் வளர்ந்து பாங்காக்கில் வேலைக்குப் போன பிறகும் அது மாறவில்லை.

அன்றிலிருந்து புவாபன் அந்த வண்டியின் பின் சீட்டில் உட்காரவில்லை. இதைக் கேட்பவர்கள், பயந்துவிட்டாள் பாவம், என்று மட்டும் நினைத்துக்கொள்வார்கள். அவள் எதை இழந்தாள் என்பது அவர்களுக்குத் தெரியாது. உலகத்தில் அவளுக்கு மிகப் பிடித்த இடமே அந்தப் பின் சீட்டுதான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இறுகிப்போன தோளோடு ஓர் ஐஸ்காரன் அவளிடம் வந்து படுத்தான். "இது தோளா, கல்லா?" என்று கேட்டாள். "ஐஸ். கையை வெச்சா உருகும்" என்றான். அந்தப் பேச்சுக்கு அவன் முதுகில் ஓங்கி ஒரு குத்து வைத்தாள். அடுத்த மாதமே அவன் வண்டியில் பின்னால் ஏறி மலையைத் தாண்டி அம்மா வீட்டுக்குப் போனாள். மலைச் சாலையை அவள் கண்ணால் பார்த்துப் பழகியதே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு அவன் முதுகின் வழியாகத்தான் அறிந்திருந்தாள். வலப்பக்கத் தசை அசைந்தால் வளைவு வருகிறது, மூச்சு நின்றால் லாரி வருகிறது.

அக்கா இன்னும் மே ஹோங் சோனில்தான் இருக்கிறாள். திருவிழாவுக்கு வீட்டு முன்னால் மூங்கிலில் சின்ன மாளிகை கட்டி, காகிதப் பூவும் விளக்குமாக அலங்கரிப்பார்கள். வானத்திலிருந்து புத்தர் இறங்கி வரும்போது தங்குவதற்கு. புவாபன் வேனிலும் ஒருமுறை போய்ப் பார்த்தாள். மே மாலையிலிருந்து ஊர் போய்ச் சேரும் வரை பிளாஸ்டிக் பையிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. திரும்பி வரும்போதும் அதே கதை. விமானத்தைப் பற்றி யாரும் அவளிடம் பேசக்கூடாது.

இந்த வருஷம் அக்கா போனில் பிடித்து உலுக்கிவிட்டாள். "என்னால இனிமே மூங்கில் வளைக்க முடியாது. இதுதான் நான் கட்டுற கடைசி மாளிகை. நீ மெதுவா வா. நான் பெட்டிக்குள்ள படுத்திருக்கும்போது வந்தாலும் பரவாயில்ல, உனக்குன்னு ஒரு பக்கம் இடம் விட்டு வெக்கிறேன்."

போனை வைத்துவிட்டு புவாபன் நேராகக் கொல்லைக்குப் போனாள். ப்ரொம்மா தன் அறுநூற்றைம்பது சிசி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஐந்து வருஷமாக ஆளில்லாத பின் சீட்டையும் அவன் துடைக்காமல் விட்டதில்லை.

"நான் வர்றேன்" என்றாள்.

அவன் கையிலிருந்த துணி நின்றது. "எங்கம்மா?"

"அக்கா வீட்டுக்கு. உன் பின்னாடி. ஆனா டயர் நான்தான் பாத்து வாங்குவேன்."

"டயர் பத்தி உனக்கு என்னம்மா தெரியும்?"

"வண்டி ஓட்டுறது நீ, கீழ விழுறது நான். அப்போ டயர் யாரு வாங்கணும்?" விரல் காறை எலும்புக்குப் போய்விட்டது. ப்ரொம்மா மறுபடி சீட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

விமான நிலையச் சாலையில் டயர்க் கடை வைத்திருப்பவள் ஃபோங். சீன வம்சத்து அக்காமார்களை அங்கே ஜே என்பார்கள். ஆகவே பெரிய வண்டிக்காரர்கள் எல்லாருக்கும் அவள் ஜே ஃபோங். மின்விசிறிக்கு எதிரே ஸ்டூல் போட்டுக்கொண்டு, புளிப்பு மாங்காயை மிளகாய்ச் சர்க்கரையில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தாள். ப்ரொம்மாவைப் பார்த்ததும், "வாங்க ரேஸ்காரரே, இன்னிக்கு யாரைத் தள்ளிவிடப் போறீங்க?" என்றாள். பின்னாலேயே புவாபன் உள்ளே நுழைந்ததைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"என்னைத்தான். அதுக்குத்தான் டயர் வாங்க நானே வந்திருக்கேன்" என்றாள் புவாபன்.

அந்தப் பதில் ஜே ஃபோங்குக்குப் பிடித்துப்போயிற்று. மாங்காய்த் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

கடை முழுக்கக் கறுப்பு வளையங்கள். புதுரப்பர் வாசனை மூக்கில் ஏறியது. புவாபன் சுற்றிப் பார்த்துவிட்டு, கட்டை கட்டையாக எழும்பி ஆழமாகப் பள்ளம் விட்டிருந்த ஒன்றைக் காட்டினாள். "இது. இவ்வளவு பள்ளம் இருக்கே, தண்ணியெல்லாம் ஓடிடும்."

"நாத்து நடப் போறியா?" என்றாள் ஜே ஃபோங். "அது சேத்துல போறதுக்கு. தார் ரோட்டுல சாய்ச்சா அந்தக் கட்டையெல்லாம் ஆடும், பல்லு ஆடுற மாதிரி."

ப்ரொம்மாவின் கண் வேறொன்றின் மேல் இருந்தது. பள்ளமே இல்லாமல், பளிங்கு மாதிரி வழவழவென்று ஒரு டயர். பழைய காதலியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜே ஃபோங் அதைக் கவனித்துவிட்டாள். "அங்க பாக்காதீங்க. அது சூடு ஏறினாத்தான் ஒட்டும். மழையில நனைஞ்ச மலையில சூட்டுக்கு எங்க போவீங்க?"

"அதைத்தான் போன தடவை போட்டாரு" என்றாள் புவாபன்.

ப்ரொம்மா அந்த டயரிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டான்.

அடுத்து வந்தது நெடுந்தூர வண்டிகளுக்கான டயர். "இது தேயவே தேயாது, உன் பேத்தி கல்யாணத்துக்கும் இதுலயே போகலாம். ஆனா வளைவுல மரக்கட்டை மாதிரி இருக்கும்." அதற்கப்புறம்தான் ஜே ஃபோங் எழுந்து, ரேஸுக்கும் தூரத்துக்கும் நடுவில் நிற்கும் ரகம் என்று மூன்று டயர்களை எடுத்து மேஜைமேல் வரிசையாகப் படுக்க வைத்தாள். ஸ்போர்ட் டூரிங் என்பார்கள். ஒன்று இத்தாலி, ஒன்று ஜப்பான், ஒன்று உள்ளூரில் செய்தது. பார்வைக்கு மூன்றும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ப்ரொம்மா ஒவ்வொன்றின் பெருமையையும் சொல்லத் தொடங்கினான். "அப்பா, கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இரு" என்று சொல்லிவிட்டு புவாபன் கண்ணை மூடினாள்.

அவள் தொழிலே அதுதானே. ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டாள், பேச்சைக் கேட்க மாட்டாள். கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். முதல் டயர் விரலுக்கு வேண்டாவெறுப்பாக இடம் கொடுத்தது. இரண்டாவது சுற்றிலும் ஒரே மாதிரி. மூன்றாவதில் விரல் நடுவில் இறங்கவில்லை. அங்கிருந்து ஓரத்துக்கு நகர்த்தினாள். விரல் நின்றுவிட்டது. திரும்ப நடுவுக்கு வந்தாள். மறுபடி ஓரத்துக்குப் போனாள்.

"ஜே, இதுல ரெண்டு தோல் இருக்கா?"

ஜே ஃபோங் மாங்காயைக் கீழே வைத்தாள். "எப்படிக் கண்டுபிடிச்ச?"

"நடுவுல குதிகால் மாதிரி இருக்கு. ஓரத்துல பாதத்துக்கு உள்பக்கம் இருக்கே, நடக்கும்போது தரையில படாத இடம், அது மாதிரி இருக்கு."

"ரெண்டு ரப்பர்தான். நேர் ரோட்டுல நடு ஓடும், அதனால அது கெட்டி. சாயும்போது மட்டும்தான் ஓரம் தரையைத் தொடும், அதனால மிருது. ஈரத்துல பிடிக்கட்டும்னு உள்ள சிலிக்கான்னு ஒரு பொடி கலக்குறாங்க. குளிர்லயும் விறைச்சுப் போகாது."

புவாபனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ ஒரு ஆலையில், அவளை ஒருநாளும் பார்த்திராத யாரோ ஒருவர் உட்கார்ந்து, சாயும்போது இவளுக்கு மிருதுவான ரப்பர் வேண்டும் என்று யோசித்திருக்கிறார். கறுப்பு வளையம், சக்கரத்துக்குச் செருப்பு, தேய்ந்தால் தூக்கி எறிவது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். இதற்குள் இவ்வளவு அக்கறையா? விரலை அங்கிருந்து எடுக்கவே அவளுக்கு மனசு வரவில்லை.

"தரையில எவ்வளவு படும்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு ஜே ஃபோங் வாயால் பதில் சொல்வதில்லை. புதிதாக வருபவர்களுக்கு அவள் செய்து காட்டும் வித்தை ஒன்று உண்டு. கடையில் நின்றிருந்த ஒரு வண்டியின் முன்சக்கரத்தை ஈரத்துணியால் துடைத்தாள். தரையில் ஓர் அட்டையைப் போட்டு, ப்ரொம்மாவை வண்டிமேல் உட்காரச் சொல்லி, சக்கரத்தை அதன்மேல் ஒரு கணம் நிற்கவைத்துப் பின்னுக்குத் தள்ளினாள். அட்டையில் ஓர் ஈரத் தடம் விழுந்திருந்தது. நீள்வட்டமாக, சின்னதாக.

"இவ்வளவுதான். பின்னாடி ஒண்ணு, முன்னாடி ஒண்ணு. மத்ததெல்லாம் காத்துல சுத்திக்கிட்டு இருக்கு."

புவாபன் குனிந்து அந்தத் தடத்தின்மேல் தன் கையை வைத்தாள். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

கையை எடுக்காமல் அப்படியே குந்தியிருந்தாள். வண்டி, அதன்மேல் அவன், அவள், முதுகுப் பை, அக்காவுக்கு வாங்கிப்போகும் பன்றித் தோல் வறுவல், மழை, மலை, பக்கத்தில் பள்ளத்தாக்கு. அத்தனையையும் தாங்குவது இந்த இரண்டு உள்ளங்கைகளா? இதை நம்பியா மனிதர்கள் மேகத்துக்குள் போய்விட்டுத் திரும்பி வருகிறார்கள்? தன் கையால் எத்தனை கிழவர்களை எழுப்பி நடக்க வைத்திருக்கிறோம் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம் அங்கேயே இறங்கிவிட்டது. ஒரு உள்ளங்கை இவ்வளவும் செய்யும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

"இதையே போடுங்க ஜே" என்றாள்.

டயரை மாட்டி முடித்ததும் ஜே ஃபோங் எல்லாரிடமும் சொல்வதை இவர்களிடமும் சொன்னாள். "புது டயர்ல மேல ஒரு வழுவழுப்பு இருக்கும். ஒரு வாரம் நிதானமா ஓட்டுங்க, கொஞ்சம் கொஞ்சமா சாய்ங்க, தன்னால போயிடும். இன்னொண்ணு. தரையில படுற இடத்துல எதையும் பூசாதீங்க. கறுப்பு மை, மெழுகு, எண்ணெய், எதுவும். போன மாசம்கூட ஒருத்தர், துறவிகிட்ட ஆசீர்வாதம் வாங்கப் போறேன், பளபளன்னு இருக்கணும்னு டயர் முழுக்கப் பூசிட்டாரு. இதுல மோசம் என்னன்னா, நேர் ரோட்டுல ஒண்ணுமே தெரியாது. நடுவுல இருக்கறது ஓட ஓட தேஞ்சு போயிடும். ஓரத்துல இருக்கறது அப்படியே காத்துக்கிட்டு இருக்கும். மலை வந்து முதல் தடவை நல்லா சாய்ச்சீங்கன்னா—"

"காத்து எவ்வளவு வெக்கணும் ஜே?" என்று ப்ரொம்மா குறுக்கே விழுந்தான். "ரெண்டு பேர் போனா? முன்னாடி எவ்வளவு? பின்னாடி எவ்வளவு?"

இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக வண்டி ஓட்டுகிறவன், காற்று எவ்வளவு என்று கேட்கிறான். ஜே ஃபோங்கே அவனை ஒரு மாதிரி பார்த்தாள். புவாபனும் அவனைப் பார்த்தாள். அவன் அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அந்த நொடியில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஐந்து வருஷத்துக்கு முன், கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம். அவள் பிறந்த வீட்டில் தூரப் பயணம் போகிறவர்களின் காலுக்கு பிளாய்க் கிழங்கு எண்ணெய் தேய்த்து அனுப்புவார்கள். இஞ்சியும் கற்பூரமும் கலந்த வாசம் அதற்கு. அவள் தொழிலுக்கும் அதே எண்ணெய்தான். வண்டிக்குள் குடியிருக்கும் மே யா நாங் அம்மனுக்கு மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டாள். அம்மனுக்கும் கால் உண்டல்லவா? புது டயர் வேறு, சாம்பல் பூத்தது மாதிரி மங்கிக் கிடந்தது. ப்ரொம்மா குளித்துக்கொண்டிருந்தான். எண்ணெயை இரண்டு கையிலும் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டு, முன்சக்கரம் பின்சக்கரம் இரண்டுக்கும் ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பூசினாள். அன்புக்குக் குறைச்சலே வைக்கவில்லை. "பத்திரமா கூட்டிட்டுப் போயிட்டு வா தாயே" என்று வேண்டிக்கொண்டே பூசினாள்.

நடுவில் இருந்தது மே மாலை வரைக்குமான நேர்ச்சாலையில் தேய்ந்துவிட்டது. ஓரத்தில் இருந்தது மூன்றாவது வளைவுக்காகக் காத்திருந்தது.

அந்த வாரம் முழுக்க அவள் வண்டி நிற்கும் கொல்லைப் பக்கமே போகவில்லை. ப்ரொம்மா தினமும் விடிகாலையில் கோயில் மலைக்குப் போய்ப் புது டயரைப் பழக்கிவிட்டு வந்தான். அவளும் வேலைக்குப் போனாள், ஆனால் கை ஓடவில்லை. பத்து வருஷமாக அவளிடம் வரும் சந்தைக்காரி ஒருத்தி தலையைத் தூக்கி, "என்ன புவாபன், என்னைத் தொடவே பயப்படுறியா?" என்று கேட்டுவிட்டாள். புவாபன் எண்ணெய்ப் புட்டியைத் திறக்காமலே அவளைப் பிடித்துவிட்டு அனுப்பினாள்.

கிளம்பும் நாள் வந்தது. ப்ரொம்மா கைப்பிடியில் மல்லிகை மாலை கட்டி, மூன்று ஊதுவத்தி ஏற்றி வைத்திருந்தான். அவள் வாசலிலேயே நின்றாள். விடிந்ததிலிருந்து நாலு தடவை சோப்புப் போட்டுக் கை கழுவியிருந்தாள்.

"வாம்மா, கும்பிட்டுட்டுக் கிளம்பலாம்."

"நான் வரல. நான் கிட்ட வந்தாலே அதுக்கு ஆகாது."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள். "முதல்லேர்ந்தே தெரியும்."

ப்ரொம்மா ஊதுவத்தியின் புகையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "வண்டியைத் தூக்கி நிறுத்துறப்ப டயர்ல கை பட்டுச்சு. இருபது வருஷமா என் தோள்ல தேய்க்கிற எண்ணெய், அந்த வாசனை எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்ப்பா சொல்லல? அஞ்சு வருஷம்! கடையில, கல்யாண வீட்டுல, எல்லார் முன்னாடியும் தட்டித் தட்டிக் காமிச்சேனே. பொண்டாட்டியைத் தள்ளிவிட்டவன்னு ஊரே சிரிச்சுதே. நீயும்ல சேர்ந்து சிரிச்ச!"

"சொல்லியிருந்தா உனக்கு உன் கை மேலயே பயம் வந்திருக்கும். நீ பயந்துக்கிட்டே தொட்டா எந்த வலி தீரும்? இப்ப பாரு, ஒரு வாரம்கூட ஆகல, அந்தச் சந்தைக்காரி என்கிட்ட வந்து, உன் பொண்டாட்டிக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறா. வண்டியில கெட்டிக்காரன்னு எனக்குப் பேர் போனா என்ன, ஐஸ் மூட்டை தூக்கறது நின்னுடுமா?"

புவாபன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். கடையில் அந்த அட்டைமேல் கையை வைத்தபோது, இதைவிட வியக்க ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தாள். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனிதன், கொம்பு முளைத்தவன், தன் பெருமையைத் தானே ஐந்து வருஷம் விழுங்கிக்கொண்டு எலுமிச்சம்பழம் பிழிந்திருக்கிறான். இருபத்தைந்து வருஷமாகத் தடவி அறிந்த முதுகுக்குள் இது எங்கே இருந்தது? வலது தோள்பட்டைக்கு அடியில் ஒரு முடிச்சு உண்டு. இந்த ஐந்து வருஷமாக எவ்வளவு அழுத்தினாலும் அவிழாதது. ஐஸ் மூட்டை செய்த வேலை என்று நினைத்துக்கொண்டு, ஆலை முதலாளியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

ப்ரொம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துவந்து பின் டயரின் ஓரத்தில் வைத்தான். வெறுங்கை. கோயில் மலையில் உரசி உரசி வழுவழுப்புப் போய், நாக்கைத் தொட்டது போல ரப்பர் கையைப் பிடித்துக்கொண்டது.

"நீ பாத்து வாங்கின டயர். நல்லா இருக்கா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மே மாலைச் சந்தைக்கு வந்து சேர்ந்தபோது மலைமேல் வானம் இருண்டிருந்தது. தூறல் ஆரம்பித்தது. அதே மாதிரி தூறல். ப்ரொம்மா வண்டியை வேன் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒதுக்கினான். வேன்காரர் பயணிகளுக்குப் பிளாஸ்டிக் பை கொடுத்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிப் போகலாம்னாலும் சரிதாம்மா" என்றான் ப்ரொம்மா. "இல்ல வேன்ல வா, நான் பின்னாடியே வர்றேன். உன் இஷ்டம்."

அவள் வேனைப் பார்த்தாள். பையைப் பார்த்தாள். மழைக் கோட்டை மாட்டிக்கொண்டு அவன் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

முதல் வளைவு. இரண்டாவது வளைவு. அவன் மெதுவாகத்தான் போனான். அவன் இடுப்பைச் சிக்கென்று பிடித்திருந்ததில் அவள் விரல் வலித்தது. மூன்றாவது வளைவு தெரிந்ததும் அவன் மூச்சு நின்றது. லாரி எதுவும் வரவில்லை. ஓரத்தில் இருந்த சின்னக் காவல் தெய்வ வீட்டுக்கு, அங்கே எல்லாரும் செய்வது போல, மூன்று முறை ஹாரன் அடித்தான். வலது தோள்பட்டைக்கு அடியில் அந்த முடிச்சு இரும்பாக இறுகியது. இவனும் இத்தனை நாள் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் இடுப்பை விட்டாள். இரண்டு கைகளையும் விரித்து அவன் முதுகில் வைத்தாள், தொழிலில் வைப்பது போல, பயமில்லாமல். அதன்பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, ஒரு வளைவில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டாள்.

வண்டி சாய்ந்தது. ஈரச் சாலை பளபளத்துக்கொண்டு அவள் முழங்காலை நோக்கி எழுந்து வந்தது. கீழே பள்ளத்தாக்கில் மேகம் நின்றது. இருக்கைக்கு அடியில், எங்கோ கீழே, இரண்டு உள்ளங்கைகள் மலையைத் தொட்டுப் பிடித்துக்கொண்டதை அவள் உடம்பு முழுக்க உணர்ந்தாள். விடவில்லை. வழுக்கவில்லை. சாய்ந்தது சாய்ந்தபடி, அந்தப் பாவப்பட்ட மூன்றாவது வளைவை முழுசாக வரைந்து முடித்துவிட்டு வண்டி நிமிர்ந்தது. அவள் கைக்கு அடியில் முடிச்சு மெல்ல இளகியது. அவன் விட்ட மூச்சில் முதுகே ஒரு அங்குலம் இறங்கியது.

மழை தலைக்கவசத்தில் தட்டிக்கொண்டே இருந்தது.

"அப்பா" என்று அவன் காதுக்குக் கேட்கும்படி கத்தினாள். "இன்னும் எத்தனை வளைவு இருக்கு?"

"ஆயிரத்து எண்ணூறுக்கு மேல இருக்கும்மா!"

"இருக்கட்டும்" என்றாள் புவாபன்.